வியன்னா – ரோம்: இரவு ரயிலா, விமானமா, பகல் ரயிலா?

வியன்னாவிலிருந்து ரோமுக்கு விமானம் பறப்பது ஏறக்குறைய 1 மணி 40 நிமிடம். இரவு ரயில் எடுத்துக்கொள்வது சுமார் 14 மணி நேரம். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் விமானம்தான் என்று முடித்துவிடலாம். வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து ரோம் டெர்மினி நிலையத்தில் இறங்குவதுவரை கணக்குப் போட்டு, அதில் எத்தனை மணி நேரம் விழித்துக்கிடக்க வேண்டியிருக்கிறது என்றும் பார்த்தால் படம் மாறும்.

இந்தத் தடத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நேரடி விமானமும், ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் இரவு ரயிலும், வெனிஸ் பக்கம் மாறிப் போகும் பகல் ரயிலும் இங்கே வழக்கமாகக் கிடைக்கின்றன. இரண்டு நகரங்களும் ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் விசாச் சிக்கல் குறுக்கே வராது. விமான நிலையத்துக்குப் போகவர இரண்டு பக்கமும் நல்ல ரயில் இருக்கிறது. ஆக எந்த வழிக்கும் சலுகை இல்லாத போட்டி இது. முடிவைத் தீர்மானிப்பது ரயிலா விமானமா என்பதைவிட, ரயிலில் எந்த வகைப் படுக்கை, எத்தனை பேர் போகிறீர்கள் என்ற இரண்டும்தான்.

நேரக் கணக்கு

காலை 7 மணி விமானத்தை எடுத்துக்கொள்வோம். வியன்னா மத்திய நிலையத்திலிருந்து ஷ்வெகாட் விமான நிலையத்துக்கு ரெயில்ஜெட் விரைவு ரயிலில் 15 நிமிடம். வீன் மிட்டெ நிலையத்திலிருந்து எஸ்7 உள்ளூர் ரயிலில் 25 நிமிடத்தை ஒட்டி. பெட்டி போடுகிறவர் 5 மணிக்குள் அங்கே நிற்கவேண்டும். அப்படியென்றால் 4 மணிக்குள் எழுந்தாக வேண்டும். 8.40 வாக்கில் ரோமின் ஃபியூமிச்சினோ விமான நிலையத்தில் இறங்கி, பெட்டி வரும் பெல்ட் அருகே இருபது முப்பது நிமிடம் நின்று, லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயிலைப் பிடித்தால் 32 நிமிடத்தில் டெர்மினி. மணி 10 ஆகியிருக்கும். எல்லாம் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். அதில் ஒரே இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

நைட்ஜெட் மாலை 7 மணியை ஒட்டி வியன்னா மத்திய நிலையத்திலிருந்து கிளம்பி, மறுநாள் காலை 9, 10 மணி வாக்கில் அதே டெர்மினியில் விடுகிறது. டிசம்பர் இரண்டாவது வார இறுதியில் ஐரோப்பா முழுக்க ரயில் அட்டவணை மாறும் என்பதால் சரியான நிமிடத்தை உங்கள் தேதிக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது, அதிகாலை விமானமும் இரவு ரயிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உங்களை ஒரே இடத்தில் இறக்குகின்றன. விமானத்தில் போகிறவர் முந்தைய மாலையை வியன்னாவில் கழித்திருப்பார், ஆனால் பாதித் தூக்கத்தில் எழுந்திருப்பார்.

மாலை விமானத்தின் கதை வேறு. வேலை முடித்து 8 மணி விமானம் ஏறினால் டெர்மினிக்கு வந்து சேர இரவு 11. அன்றிரவுக்கு ஓட்டல் அறை தேவை. மறுநாள் காலை தெளிவான தலையோடு எழலாம். ரயிலில் தூக்கமே வராத ஆட்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பகல் ரயிலைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. 2025 டிசம்பர் 14 அன்று சுமார் 33 கிலோமீட்டர் நீளமுள்ள கோரால்ம் சுரங்கம் திறந்தபிறகு வியன்னா–கிளாகன்ஃபுர்ட் பயணம் 3 மணி 10 நிமிடமாகக் குறைந்திருக்கிறது. வெனிஸ் மெஸ்த்ரேயில் இறங்கி, ரோம் போகும் அதிவேக ரயிலுக்கு மாறினால் 11 முதல் 13 மணி நேரத்தில் ரோம். ஒரு முழுப் பகல் போகும். ஆனால் ஆல்ப்ஸை வெளிச்சத்தில் பார்க்கலாம். வெனிஸில் ஓர் இரவு தங்குகிறவருக்கு இது பயணச் செலவாகவே தெரியாது. தங்காமல் ஒரே மூச்சில் போவதற்கு நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

இரவு ரயிலில் காட்சி என்று எதையும் நம்பிப் போகவேண்டாம். 1854-இல் திறந்த ஆஸ்திரியாவின் செம்மரிங் மலை ரயில்பாதையை ஜூன், ஜூலையில் மட்டும் அந்தி வெளிச்சத்தில் பார்க்கலாம். அக்டோபருக்குப்பிறகு கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். காலையில் ரோமை நெருங்கும்போது பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ஓர்வியேட்டோ நகரம் தெரிகிறதா என்று பாருங்கள்.

பணம்

இங்கே தரும் தொகைகள் இரண்டு மூன்று மாதம் முன்பே வாங்குகிறவருக்கான மாதிரிக் கணக்கு. உங்கள் தேதியின் விலையை இதே கட்டங்களில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனி ஆள், மாலை விமானம்: டிக்கெட் 60 யூரோ, சரக்கறைப் பெட்டிக்கு 35, ஷ்வெகாட் போக 5, லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 14, ரோமில் சுமாரான அறை 120, அதற்குமேல் நகர வரி. ரோமில் மூன்று நட்சத்திர ஓட்டலுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ வரி. அறை விலையில் சேராது, கிளம்பும்போது தனியாக வாங்குவார்கள். மொத்தம் 240. இதே ஆள் இரவு ரயிலில் கூஷெட் எனப்படும் பொதுப் படுக்கை எடுத்தால் 70 முதல் 100க்குள் முடியும். தனக்கென்று முழு ஸ்லீப்பர் அறை எடுத்தால் 200, 300 என்று ஏறி, விமானத்தோடு சமமாகவோ அதைத் தாண்டியோ நிற்கும்.

கணவன் மனைவி இருவர்: விமானத்தில் 360 வரும், இருவர் ஸ்லீப்பர் அறை 250 முதல் 350. விலையில் வித்தியாசம் சொற்பம்தான்.

இரண்டு குழந்தைகளோடு நாலு பேர் என்றால் கணக்கு ரயில் பக்கம் சாய்கிறது. நாலு டிக்கெட்டும் நிலைய ரயில் கட்டணமும் 316, இரண்டு பெட்டிக்கு 70, நாலு பேர் அறைக்கு 160, பெரியவர் இருவருக்கு நகர வரி 12, ஆக 558. (பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ரோமில் நகர வரி கிடையாது.) நாலு பேரும் மட்டும் படுக்கிற தனிக் கூஷெட் அறை 250 முதல் 400க்குள் கிடைத்தால் மறுயோசனை தேவையில்லை. வேறு யாரும் இல்லாத அறை, பூட்டிக்கொள்ளலாம், குழந்தைகளுக்கு மேல் பெர்த் ஏறுவதே விளையாட்டு.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை இரவு ரயில் ரசிகர்கள் மறைத்துவிடுவார்கள். ‘ஓட்டல் செலவு மிச்சம்’ என்பது உங்களுக்கு அன்றிரவு எங்கேயாவது அறை தேவைப்பட்டிருந்தால்தான். வியன்னாவிலேயே வீடு இருக்கிறவர் தன் கட்டிலில் தூங்கி காலை விமானம் பிடித்தால் அறைச் செலவே இல்லை. அவருக்கு விமானம் 114 யூரோவில் முடிகிறது. கூஷெட்டைவிடச் சற்றுக் கூடுதல், ஸ்லீப்பர் அறையில் பாதி. அதனால் வியன்னாவாசிக்கும் சுற்றுலாப் பயணிக்கும் விடை ஒன்றாக இருக்காது.

ரயில் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு: ஒரு விமானம் ஒரே நாளில் நாலைந்து முறை பறந்து காசு பார்க்கும். ஸ்லீப்பர் பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒரே ஒரு பயணம்தான் செய்கிறது. பழைய வகையில் 12 அறை, அறைக்கு மூன்று பேர் என்று நிரப்பினாலும் 36 பேர். ரயில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தண்டவாள வாடகை உண்டு. விமான எரிபொருளுக்கோ ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் வரியே இல்லை. இந்தக் கணக்கு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு வியன்னா–பாரிஸ் நைட்ஜெட் உதாரணம்: 2021 டிசம்பரில் தொடங்கியது, பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்தியதும் 2025 டிசம்பரில் நின்றது.

எந்தப் படுக்கை?

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்திய ரயிலில் ‘ஸ்லீப்பர்’ மலிவு வகுப்பு. ஐரோப்பாவில் ஸ்லீப்பர்தான் விலை உயர்ந்தது. மலிவென்று நினைத்து அதைத் தேடிப் போய் விலையைப் பார்த்து மிரள்கிறவர்கள் உண்டு. நம் ஆட்கள் தேடுவது கூஷெட்டை.

இருக்கை: நைட்ஜெட்டில் ஆறு இருக்கை அறைகளும், புதிய ரயில்களில் திறந்த இருக்கை வரிசைகளும் உண்டு. 14 மணி நேரத்துக்கு இதை எடுக்காதீர்கள். விளக்கு அணைந்தாலும் நடுராத்திரி நிலையங்களில் ஆள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். பை திருட்டுக்கு வசதியான இடமும் இதுதான். 30 யூரோ விலையைக் காட்டி இரவு ரயில் மலிவு என்று எழுதுகிறவர்கள் இந்த இருக்கையைத்தான் சொல்கிறார்கள்.

கூஷெட்: நம்மூர் ஏசி மூன்றடுக்கின் ஒரு தடுப்பை எடுத்து, பக்கவாட்டு பெர்த்துகளை நீக்கி, நடைபாதைப் பக்கம் பூட்டும் கதவு போட்டால் எப்படி இருக்குமோ அதுதான். பழைய பெட்டியில் ஆறு பேர் அல்லது நாலு பேர் அறையாக விற்பார்கள். ஆறு பேர் அறையில் நடு பெர்த்தில் நிமிர்ந்து உட்கார முடியாது; பகல் நிலையில் அது முதுகுச்சாய்வாக மடிந்திருக்கும், எல்லாரும் படுக்கத் தயாரானபிறகுதான் தூக்கி மாட்ட முடியும். ஒருவர் 9 மணிக்கே தூங்க நினைத்து, இன்னொருவர் 11 மணிவரை உட்கார நினைத்தால் அங்கே சங்கடம் ஆரம்பம். மேல் பெர்த்தில் சூடு அதிகம். ஆனால் நடைபாதைக்கு மேலே உள்ள லக்கேஜ் பொந்து கைக்கெட்டும், யாரும் உங்களைத் தாண்டிப் போகமாட்டார்கள். முழங்கால் நன்றாக இருந்தால் மேல் பெர்த்தைக் கேளுங்கள். பெரியவர்களுக்குக் கீழ் பெர்த். பெட்டியையும் அதற்கடியில் தள்ளிவிடலாம். நாலு பேர் அறைக்கு ஆளுக்குப் பத்து இருபது யூரோ கூடுதல் என்றால் யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

ஆறு பேர் அறையில் ஆண், பெண் கலந்தே இடம் ஒதுக்குவார்கள். தனியாகப் போகும் பெண்களுக்குப் பெண்கள் மட்டும் உள்ள அறை உண்டு. புக் செய்யும்போதே அதைத் தேர்வு செய்யவேண்டும், ரயிலில் ஏறியபிறகு கேட்டால் கிடைப்பது நிச்சயமில்லை. தலையணை, போர்வை, மடித்த விரிப்பு எல்லாம் பெர்த்திலேயே இருக்கும். விரித்துக்கொள்வது உங்கள் வேலை. உடை மாற்றக் கழிவறைக்குத்தான் போகவேண்டும் என்பதால் படுக்கிற உடையிலேயே ஏறுவது புத்திசாலித்தனம்.

மினி கேபின்: 2023 டிசம்பரில் முதலில் ஹாம்பர்க் தடங்களில் ஓடத் தொடங்கிய புதிய தலைமுறை நைட்ஜெட்டில் வந்தது. ஒரு ஆள் மட்டும் படுக்கிற பொந்து, இழுத்து மூடும் கதவு, சொந்த விளக்கு, சார்ஜர். தனி ஆளுக்கு, கூஷெட் விலையைவிடக் கொஞ்சம் கூடுதலில், யாருடைய குறட்டையோடும் அறையைப் பங்குபோடாமல் தூங்க ஒரே வழி இது. ஆனால் படுக்க மட்டும்தான் இடம். எழுந்து உட்கார்ந்து சாப்பிட, உடை மாற்ற எல்லாம் சிரமம். பக்கத்தில் உள்ள லாக்கரில் கைப்பெட்டி அளவுதான் போகும். பெரிய சூட்கேஸைப் பெட்டிக் கோடியில் உள்ள அடுக்கில் வைத்துவிட்டு வரவேண்டும். அடைபட்ட இடம் பயம் உள்ளவர்கள், ஆறடிக்கு மேல் உயரமானவர்கள் தவிர்க்கலாம். உங்கள் தேதியில் எந்த ரயில் ஓடுகிறது என்று அறிய எளிய வழி: தேடலில் மினி கேபின் காட்டினால் புதிய ரயில், காட்டாவிட்டால் பழைய பெட்டிகள்.

ஸ்லீப்பர்: பழைய பெட்டியில் ஒன்று, இரண்டு, மூன்று பேர் அறை, உள்ளேயே கைகழுவும் தொட்டி, துண்டு, தண்ணீர். டீலக்ஸ் அறையில் மட்டும் கழிவறையும் ஷவரும். புதிய ரயிலில் ஸ்லீப்பர் அறைகள் இரண்டு பேருக்குத்தான், எல்லாவற்றிலும் கழிவறை, ஷவர் உண்டு. இந்த ஷவருக்குத் தனி மதிப்பு இருக்கிறது. காலை 9.30க்கு ரோமில் இறங்குகிறீர்கள். ஓட்டல் அறை 2, 3 மணிக்குத்தான் தருவார்கள். குளிக்காமல், ஆகஸ்ட் வெயிலில், பெட்டியைச் சேமிப்பகத்தில் போட்டுவிட்டு வத்திக்கான் வரிசையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். இரவு ரயிலின் உண்மையான குறை அதன் வேகம் அல்ல, இந்த ஐந்து மணி நேரம். கூஷெட்டில் போகிறவர்கள், அறையை முன்னேரமே தரமுடியுமா என்று ஓட்டலுக்கு முதல் நாளே எழுதிவிடுவது நல்லது.

எந்த வகையானாலும் பெட்டியின் நடுவில் உள்ள அறை எண்ணாகப் பாருங்கள். இரண்டு கோடியிலும் சக்கரத்துக்கு மேலே படுக்கவேண்டி வரும், கழிவறைக் கதவுச் சத்தம் வேறு.

ரயிலில் ஏறியபின்

பெட்டிக்கு ஒரு பணியாளர் இருப்பார். டிக்கெட்டைப் பார்த்து, காலை உணவுச் சீட்டைத் தருவார். ஸ்லீப்பரில் பட்டியலிலிருந்து ஆறு பொருள் தேர்வு செய்யலாம்; கூஷெட்டில் ரொட்டி, வெண்ணெய், ஜாம், காபி அல்லது டீ. சைவர்களுக்குச் சிக்கல் இல்லை. இறங்குவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு தட்டி எழுப்பிவிடுவார். உணவுப் பெட்டி என்று தனியாக இருக்காது. இரவுச் சாப்பாட்டைக் கையில் எடுத்துப்போவது உத்தமம். வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைகள் அடைத்திருந்தாலும் மத்திய நிலையத்துக்குள் உள்ள சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும். விமானத்தில் 100 மில்லி விதியில் மாட்டிக்கொள்ளும் ஊறுகாய் பாட்டில், நெய், எண்ணெய் எல்லாம் ரயிலில் தாராளமாகப் போகும். பெட்டியை யாரும் எடைபோடுவதில்லை.

அறைக் கதவில் சாதாரணப் பூட்டு ஒன்று, உள்ளிருந்து மட்டும் போடும் கொக்கி அல்லது சங்கிலி ஒன்று. முதலாவது பணியாளர் சாவிக்குத் திறக்கும், இரண்டாவது திறக்காது. இரண்டையும் போடுங்கள். பாஸ்போர்ட், பணம், போன் மூன்றையும் தலையணை உறைக்குள் வைப்பது பழைய வழக்கம், இன்றும் அதற்கு மாற்று இல்லை.

எங்கே சறுக்கும்

முதல் சிக்கல், தவறான பெட்டியில் படுத்துவிடுவது. இரவு ரயில்கள் பல நகரத்துப் பெட்டிகளைச் சேர்த்து ஓட்டி, நள்ளிரவில் நியூரம்பர்க், ஃபில்லாக் போன்ற சந்திப்புகளில் பிரித்து வேறு ரயிலில் கோக்கும் வழக்கம் உள்ளவை. ரயில் எண் சரியாக இருந்தால் போதாது. உங்கள் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் ‘ரோமா’ என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.

இரண்டாவது, தாமதம். தண்டவாளப் பராமரிப்பு இரவில்தான் நடக்கும் என்பதால் சுற்றுப்பாதை, காத்திருப்பு எல்லாம் இந்த ரயில்களின் தலையில் விடியும். ஆஸ்திரியாவில் 15,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம், இத்தாலியில் 3,000 வோல்ட் நேர்திசை. இரண்டிலும் ஓடும் எஞ்சின் இல்லாவிட்டால் எல்லையில் எஞ்சின் மாற்றவேண்டும், மாற்று எஞ்சின் வராவிட்டால் நிற்கவேண்டும். இதற்கு ஈடாக அட்டவணையிலேயே சதை வைத்திருப்பார்கள்: அதிகாலை 4 மணிக்கு ஊருக்குள் போய் இறக்கிவிடாமல் இருக்க நடுவழியில் நீண்ட நேரம் நிறுத்தி வைப்பார்கள். ஃபில்லாக்கில் 40 நிமிடம் பின்தங்கிய ரயில் ரோமுக்குச் சரியாக வருவது இதனால்தான். ஆனால் காலை அலுவலக நேரத்துக்குள் பின்தங்கிவிட்டால் உள்ளூர் ரயில்களுக்கு இடையே சிக்கி, தாமதம் கூடிக்கொண்டே போகும். ரோமிலிருந்து நேப்பிள்ஸ் போகத் தனி டிக்கெட் வாங்குகிறவர் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடட்டும்.

மூன்றாவது, புக் செய்த பெட்டியே வராமல் போவது. பெட்டி பழுதானால் மாற்று ஸ்லீப்பர் கையிருப்பு குறைவு. கூஷெட்டிலோ இருக்கையிலோ உட்காரச் சொல்வார்கள். அப்போது பணியாளரிடம் எழுத்து மூலம் உறுதி வாங்கி, கட்டண வித்தியாசத்தைத் திரும்பக் கேளுங்கள்.

நாலாவது, இத்தாலிய வேலைநிறுத்தம். ரயில்வேயில் பெரும்பாலும் இரவு 9 மணிக்குத் தொடங்கி மறுநாள் இரவு 9 வரை. இரவு ரயிலை நேராகத் தாக்கும் நேரம். சட்டப்படி குறைந்தது 10 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இத்தாலியப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் பட்டியல் இருக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு முறை பாருங்கள். விமானத்துறையில் வேலைநிறுத்தம் வந்தாலும் ஜூலை 27 முதல் செப்டம்பர் 5 வரை அங்கே தடை உண்டு என்பதால், கோடை உச்சத்தில் இந்த ஒரு விஷயத்தில் விமானம் பாதுகாப்பானது.

இழப்பீட்டில் விமானத்தின் கை ஓங்கியிருக்கிறது. ரோம் 1,500 கிலோமீட்டருக்குள் வருவதால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், விமான நிறுவனத்தின் கையை மீறிய காரணம் இல்லாதவரை, 250 யூரோ. நீங்கள் 30 யூரோ டிக்கெட்டில் போயிருந்தாலும் அதேதான். ரயிலில் 60 முதல் 119 நிமிடத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் 50 சதவீதம். 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதியின்படி கடும் வானிலை, தண்டவாளத்தில் வெளியாட்கள் நுழைவது போன்றவற்றுக்கு இழப்பீடு இல்லை. ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் அந்த விலக்கில் சேராது, அதற்குக் கேட்கலாம். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டும் விசாவும்

ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை இல்லை என்றாலும் போலீஸ் ரயிலில் ஏறிப் பார்ப்பது நடக்கிறது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் அசலை எடுத்துப்போக வேண்டும். ஐரோப்பாவில் வசிக்கிறவர்கள் குடியிருப்பு அட்டையையும் சேர்த்து. போனில் உள்ள படம் செல்லாது. விமானத்தில் போகும்போது சில மலிவு நிறுவனங்கள் ஐரோப்பியர் அல்லாதவர்களின் ஆவணங்களைக் கவுண்டரில் சரிபார்த்த பின்பே ஏற்றும். அந்த வரிசைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

விசா கைக்கு வருமுன் மலிவு நைட்ஜெட் டிக்கெட்டை வாங்காதீர்கள், பணம் திரும்பாது. பயணத் திட்டம் காட்டவேண்டும் என்றால் ரத்துசெய்யும் வசதியுள்ள கட்டணத்தில் எடுங்கள். ஆறு மாதம் முன்பே விற்பனை திறப்பதாகச் சொன்னாலும், தண்டவாள வேலைகள் உறுதியாகும்வரை சில தேதிகள் திறக்காமலே கிடக்கும். ‘இடமில்லை’ என்று காட்டினால் உண்மையில் நிரம்பிவிட்டதா, இன்னும் திறக்கவில்லையா என்று பக்கத்துத் தேதிகளைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

யூரெயில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு (ஐரோப்பாவில் வசிப்பவர்களானால் இன்டர்ரெயில்) இரவு ரயில் ஒரு சலுகை தருகிறது: கிளம்பும் நாள் மட்டுமே பயண நாளாகக் கணக்கில் வரும், மறுநாள் வேறு ரயில் ஏறாதவரை. ஆனால் படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. வியன்னா–ரோம் ஒன்றுக்காக மட்டும் பாஸ் வாங்குவது நஷ்டம்.

கரியமில வாயு

ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையின் 2018ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு பயணி ஒரு கிலோமீட்டர் போக ரயிலில் 33 கிராம், விமானத்தில் 160 கிராம். ரயில் பாதை வளைந்து 1,100 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. விமானத்துக்கு 770ஐ ஒட்டி. அப்படிப் பார்த்தாலும் ரயிலில் 37 கிலோ, விமானத்தில் 123 கிலோ. தனி ஆளாக ஸ்லீப்பர் அறை எடுப்பவர் சராசரியைவிட அதிக இடத்தை அடைப்பதால் அவர் பங்கு கூடும். ஆஸ்திரிய ரயில்வே 2018 முதல் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் மட்டும் ரயில் ஓட்டுவதால் கொஞ்சம் குறையவும் செய்யும்.

வேறு தடங்களில் விடை மாறும்

லண்டன்–எடின்பரோவுக்கு இரவு ரயில் வீண். பகல் ரயிலே நாலரை மணி நேரத்தில் போய்விடுகிறது, படுத்துக் கண் அயர்வதற்குள் எழுப்பிவிடுவார்கள். லண்டனிலிருந்து ஓடும் அதே கலிடோனியன் ஸ்லீப்பர் இரவு ரயிலில் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் போனால், அருகே விமான நிலையம் இல்லாத மலைப்பகுதியில் காலையில் நேராக இறங்கலாம். பாரிஸ்–நீஸ் இரவு ரயிலில் ஸ்லீப்பர் அறையே கிடையாது, கூஷெட்டும் சாயும் இருக்கையும்தான். முதல் வகுப்பு நாலு பேர் கூஷெட் எடுங்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து பெர்லின் வழியாகப் பிராக் போகும் யூரோப்பியன் ஸ்லீப்பர் வாரத்தில் மூன்று நாள் ஓட்டமாகத் தொடங்கியது. ஓடும் நாளைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற திட்டம். ஸ்பெயினில் 2020 மார்ச்சோடு இரவு ரயில் நின்றுவிட்டது. சோஃபியா–இஸ்தான்புல் ரயிலில் நள்ளிரவில் துருக்கி எல்லையான கப்பிக்குலேயில் எல்லாரையும் இறக்கிப் பாஸ்போர்ட்டும் பெட்டியும் சோதிப்பார்கள், தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். சூரிச்–ஹாம்பர்க் தடத்தில் உறவினர் வீட்டுக்குக் குழந்தைகளும் நாலு பெட்டியுமாகப் போகிற குடும்பங்களுக்குத் தனிக் கூஷெட் அறை, மேலே சொன்ன ரோம் கணக்கைப் போலவே கைகொடுக்கும்.

எங்கள் தேர்வு

குடும்பத்துக்குத் தனிக் கூஷெட் அறை. இருவருக்கு, விலை விமானத்தோடு ஐம்பது யூரோவுக்குள் நின்றால், ஷவர் உள்ள ஸ்லீப்பர். தனி ஆளுக்கு மினி கேபின். அது இல்லாத ரயிலானால் நாலு பேர் கூஷெட். ரயிலில் தூக்கம் வராதவர், மூன்று நாள் முன்னால் முடிவுசெய்கிறவர், வியன்னாவில் வீடு உள்ளவர் இந்த மூவருக்கும் விமானம். பதினொரு மணிக்கு ரோமில் முக்கியமான கூட்டம் இருக்கிறவர் முதல் நாள் மாலையே பறந்துவிடட்டும். இரவு ரயிலையும் அதிகாலை விமானத்தையும் நம்பவேண்டாம்.

போக வர இரண்டுக்கும் ஒரே வழி வேண்டும் என்பதில்லை. குறுந்தூர விமானங்களிலும் நைட்ஜெட்டிலும் ஒருவழி டிக்கெட் தனித்தனியாகத்தான் விலை போடுகிறார்கள், கலந்து எடுத்தால் அபராதம் கிடையாது. போகும்போது ரயில், வரும்போது விமானம் என்று வைத்துக்கொண்டால் ரோமில் கடைசி நாள் மாலைவரை கையில் இருக்கும். திரும்பும் இரவு ரயில் மாலை ஏழு மணி வாக்கிலேயே டெர்மினியை விட்டுக் கிளம்பிவிடுகிறது.